கடலில்லாத நாட்டிலிருந்து தம்பிக்கு

எஷ்-சுர்-அல்ஸெத்,
லக்சம்பர்க்.
18-10-2025

அன்புத் தம்பி முகிலனுக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் நலம். அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது, ஆயா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறதா, இதையெல்லாம் எனக்குத் தனியாக எழுது. போனில் கேட்டால் எல்லாருமே "நல்லாயிருக்கோம்" என்கிறீர்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை.

போன வாரம் கேட்டாயே, "லக்சம்பர்க்னு ஒரு நாடே இருக்குதாக்கா, இல்ல ஜெர்மனியில ஒரு ஊரா?" என்று. பின்னால் உன் சிநேகிதர்கள் சிரித்ததும் என் காதில் விழுந்தது. போனில் சொன்னால் பாதியில் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். தீபாவளி லீவில் நிதானமாகப் படி.

நாடுதான். 2,586 சதுர கிலோமீட்டர். நம் புதுச்சேரி மாவட்டம் 293. இடத்தில் நம்மைப் போல ஒன்பது மடங்குக்குச் சற்றே குறைவு. ஆனால் தலையை எண்ணினால் நாம்தான் பெரியவர்கள். இங்கே ஏறக்குறைய 6.8 லட்சம் பேர், நம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே ஒன்பதரை லட்சம். மேற்கிலும் வடக்கிலும் பெல்ஜியம், கிழக்கே ஜெர்மனி, தெற்கே பிரான்ஸ். கடல் கிடையாது. நாட்டிலேயே உயரமான மேடு 560 மீட்டர். காலையில் கிளம்பினால் தென்கோடியிலிருந்து வடகோடி வரை போய்விட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம், அதுவும் காசில்லாமல். 2020 மார்ச்சிலிருந்து பஸ், ரயில், டிராம் எல்லாம் இலவசம். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் டிக்கெட் வாங்க வேண்டும். இங்கு ராஜாவுக்குப் பதில் கிராண்ட் டியூக். 25 வருஷம் இருந்த ஆன்ரி இந்த மாதம் 3-ஆம் தேதி விலகி, மகன் கியோம் வந்திருக்கிறார்.

இத்துனூண்டு நாடு இத்தனை பெரிய அண்டை வீட்டுக்காரர்களுக்கு நடுவே எப்படிப் பிழைக்கிறது? முதலில் எனக்கும் அது புரியவில்லை. மார்த்தெலாஞ்ச் என்ற ஊருக்கு ஒருநாள் மாமா அழைத்துப் போனார். நடுவில் ஒரு நெடுஞ்சாலை. ஒரு பக்கம் பெல்ஜியம்: வீடுகள், ஒன்றிரண்டு கடைகள். எதிர்ப்பக்கம் லக்சம்பர்க்: வரிசையாகப் பெட்ரோல் பங்க், சிகரெட், மது, காபித்தூள். பெல்ஜியம் நம்பர் வண்டிகள் எல்லாம் இந்தப் பக்கம் வந்து நிற்கின்றன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் கடலூர் எல்லையிலிருக்கும் முள்ளோடையேதான் என்று மாமாவிடம் சொன்னேன். கடலூர்க்காரர்கள் எதற்காக முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கம் வருகிறார்கள், திரும்பும்போது செக்போஸ்ட்டில் ஏன் பையைத் தடவிப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மாமா வீட்டில் தங்கி நீ மதகடிப்பட்டில் காலேஜ் படித்தபோது, எல்லை மாறி மாறி வருவதையும் தினமும் பார்த்திருப்பாய். வில்லியனூரைத் தாண்டினால் கண்டமங்கலம், அது தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனை, திரும்பவும் புதுச்சேரி. மதகடிப்பட்டைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. எல்லைக்கோட்டை யாரும் வரைந்து காட்ட வேண்டாம், பிராந்திக்கடை போர்டு தொடங்குகிற இடமும் முடிகிற இடமுமே போதும்.

பெரிய நாட்டுக்கு நடுவே இருக்கும் சின்ன நிலத்துக்கு விற்க ஒரு சரக்கு எப்போதும் உண்டு: பக்கத்து வீட்டைவிடக் குறைந்த வரி. நாம் அதைச் சாராயத்திலும் பெட்ரோலிலும் விற்கிறோம். இவர்கள் பெட்ரோலில் ஆரம்பித்துப் பெரிய கம்பெனிகளின் லாபக் கணக்குவரை விற்றார்கள். 2014-ல் பத்திரிகைக்காரர்கள் அதை அம்பலப்படுத்தினார்கள். உலகின் பெரிய கம்பெனிகள் பல, லக்சம்பர்க்கோடு ரகசியமாக ஒப்பந்தம் போட்டு ஏறக்குறைய ஒன்றுமில்லாத வரி கட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து நாட்டு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய பணம் இங்கே மாளிகையாக நிற்கிறது என்று என்னோடு வேலை செய்யும் ஒரு பெல்ஜியக்காரி சொல்வாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. முள்ளோடையில் குடித்துவிட்டு கடலூர் ரோட்டில் விழுந்து கிடப்பவனின் வீட்டுக்காரிக்கும் இதே வழக்கு நம்மேல் இருக்கும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இங்கே வருகிறவர்கள் பெட்ரோல் போட மட்டும் வருவதில்லை, வேலைக்கு வருகிறார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியத்திலிருந்து தினமும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி வந்து, சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள். வாடகை இங்கே யானை விலை என்பதும் அதற்கு ஒரு காரணம். எங்கள் எஷ் நாட்டின் தென்கோடி. வீட்டிலிருந்து நடந்தே பிரான்ஸுக்குப் போய் ரொட்டி வாங்கி வரலாம். நடுவில் ஒரு போலீஸ்காரர்கூட இல்லை. இந்த "எல்லையில் நிறுத்தாதே" ஒப்பந்தம் பிறந்ததே இந்த நாட்டில்தான். ஷெங்கன் என்பது மோசெல் ஆற்றங்கரையில் திராட்சை பயிரிடும் சின்னக் கிராமம். பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்றும் சேரும் இடம் என்பதால் அங்கே ஆற்றில் நின்ற படகில் வைத்து 1985 ஜூன் 14-ல் கையெழுத்துப் போட்டார்கள். விசா விசா என்று உலகமே சொல்லும் "ஷெங்கன்" அந்தக் குக்கிராமத்தின் பெயர். நம் ஊரில் நடந்தது இதற்கு நேர்மாறு. தாத்தா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 1949-ல் இந்தியாவுக்கும் பிரெஞ்சு இந்தியாவுக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் முறிந்ததும், நம் கிராமங்களைச் சுற்றிச் சுங்கச்சாவடி போட்டார்கள். வைக்கோல் வண்டியைக்கூடக் குத்திப் பார்ப்பார்களாம், உள்ளே கைக்கடிகாரம் கடத்துகிறார்களா என்று.

இனி ஆறு. நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. மோசெல், சூர், ஊர் என்று மூன்று ஆறுகள் ஜெர்மனிக்கும் லக்சம்பர்க்குக்கும் எல்லையாக ஓடுகின்றன. (ஆம், ஒரு ஆற்றுக்குப் பெயரே "ஊர்".) மற்ற நாடுகளில் பெரும்பாலும் எல்லை ஆற்றின் நடுவே போகும். இங்கே 1816-ல் வேறு மாதிரி முடிவு செய்தார்கள். ஆறு முழுக்க இரண்டு பேருக்கும் பொது. தண்ணீரும், மேலே இருக்கும் பாலமும், நடுவிலுள்ள திட்டும் பங்கு பிரிக்காத கூட்டுச் சொத்து. பாலம் பழுதானால் இருவரும் சேர்ந்துதான் செலவழிக்க வேண்டும். இருநூறு வருஷமாக அப்படியே இருக்கிறது, நடுவில் ஜெர்மானியர்கள் இரண்டு தடவை படையெடுத்து வந்த பிறகும்.

பாகூர் ஏரி நினைவுக்கு வராமல் இருக்குமா? நம் நெல்லெல்லாம் அந்த ஏரித் தண்ணீர். ஏரிக்குத் தண்ணீர் பங்காரு வாய்க்காலில் வருகிறது. வாய்க்காலின் தலை சொர்ணாவூர் அணை, தென்பெண்ணையில், தமிழ்நாட்டு மண்ணில். பங்காரி, சிங்காரி என்ற இரண்டு தாசிகள் தங்கள் நகை பணத்தைக் கொட்டி வெட்டிய வாய்க்கால் என்று ஆயா கதை சொல்லுமே. அவர்கள் வெட்டிய காலத்தில் நடுவில் எல்லை கிடையாது. இன்று வாய்க்கால் தூர்ந்தால் எந்த ஆபீசுக்கு மனு எழுதுவது என்பதிலேயே பாதிப் பருவம் போய்விடுகிறது. வில்லியனூர் பக்கம் ஊசுடு ஏரியும் அப்படித்தான்: ஒரே ஏரி, ஒரே தண்ணீர், பறவைகளும் அதேதான், ஆனால் பாதி இங்கே, பாதி அங்கே. இரண்டு அரசுக்கும் பொதுச் சொத்து என்று ஏரியை அறிவித்து, செலவையும் பாதிப் பாதி போட்டுக்கொள்ள நம்மால் ஏன் முடியாது? ஒரே நாடு, ஒரே மொழி, சம்பந்திகள் வேறு.

இந்தத் துண்டு துண்டான நிலம் நமக்கு எப்படி வந்தது என்று உன் சிநேகிதர்களுக்குச் சொல். 1749-ஐ ஒட்டி நவாப் சந்தா சாகிப், பிரெஞ்சு கவர்னர் துப்ளே செய்த உதவிக்குக் கைம்மாறாக வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைக் கொடுத்தார். பிறகு சண்டைமேல் சண்டை. 1752-ல் நம் பாகூரிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதி, பிரெஞ்சுக்காரர் தோற்றார்கள். கடைசியில் 1814 உடன்படிக்கையின்படி, 1792 ஜனவரி 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் கையில் எந்தெந்தக் கிராமம் இருந்ததோ அதையெல்லாம் ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் இருந்த கிராமங்களை அவர்களே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் வில்லியனூருக்குக் கடல் இல்லை, நெட்டப்பாக்கத்தைச் சுற்றி நாலா பக்கமும் தமிழ்நாடு, நம் பாகூர் கொம்யூனுக்கு மட்டும் பனித்திட்டுப் பக்கம் கொஞ்சம் கரை. லக்சம்பர்க்கின் கதை தலைகீழ். பெரிதாக இருந்ததை வெட்டி வெட்டிச் சிறிதாக்கினார்கள். 1839-ல் மேற்குப் பகுதி பெல்ஜியத்துக்குப் போனது, போன துண்டுதான் இப்போது இருக்கும் நாட்டைவிடப் பெரியது.

இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒன்று உண்டென்று இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தொடங்கி, 1795-லிருந்து இருபது வருஷம்போல, பிரெஞ்சுக்காரர்கள் இந்த நாட்டையும் ஆண்டார்கள். போகும்போது கொம்யூன் அமைப்பை விட்டுவிட்டுப் போனார்கள். இன்றும் நாடு முழுக்க 100 கொம்யூன். எஷ்ஷில் குடியேறியவுடன் நான் முதலில் போய் நின்றது கொம்யூன் ஆபீசில். வீட்டு முகவரி பதிவது அங்கேதான். பிறப்புச் சான்று, குப்பைத்தொட்டி, பள்ளிக்கூடம் என்று வாழ்க்கையில் பாதி அங்கேதான் நடக்கிறது. நமக்கும் அதே அமைப்பை 1880-ல் கொண்டுவந்தார்கள். புதுச்சேரிப் பக்கம் முதலில் நாலு கொம்யூன்: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். 1907-ல் அதை எட்டாகப் பிரித்தார்கள். கொம்யூனுக்கு ஒரு மேர் (மேயர்), தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள். அந்தக் காலத்துத் தேர்தல் அடிதடிக்கும் கள்ள ஓட்டுக்கும் பேர்போனது, அதைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேர்தல் என்று ஒன்று இருந்தது.

தேதியைப் பார். இன்று அக்டோபர் 18. இதே நாளில் 1954-ல், வில்லியனூர் கொம்யூனில் நம் மங்கலத்துக்குப் பக்கத்துக் கீழூரில், இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று ஓட்டெடுத்தார்கள். ஓட்டுப் போட்டது ஜனங்கள் எல்லாரும் அல்ல, 178 பேர். புதுச்சேரி, காரைக்காலின் பிரதிநிதி சபை உறுப்பினர்களும், கொம்யூன்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும். சேர வேண்டும் என்று 170, வேண்டாம் என்று 8. நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. பிரெஞ்சுப் பார்லிமென்ட் ஒப்புக்கொண்டு சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆனது. அதற்கும் முன்னால், 1954 மார்ச் 31-ல் தலைவர் எதுவார் குபேர் மூவர்ணக் கொடியை ஏற்றியது நெட்டப்பாக்கத்தில். ஏன் அங்கே என்று யோசித்தாயா? பிரெஞ்சுப் போலீஸ் நெட்டப்பாக்கம் போக வேண்டுமென்றால் இந்திய மண்ணைத் தாண்டியாக வேண்டும். சுற்றிலும் அடைபட்ட நிலம் அன்றைக்கு நமக்கு உபயோகப்பட்டது.

இவர்களுக்கும் அக்டோபரில் ஒரு கதை உண்டு. 1941-ல் நாடு ஹிட்லரின் பிடியில். அக்டோபர் 10-க்கு ஒரு கணக்கெடுப்பு வைத்தார்கள். உன் நாடு எது, தாய்மொழி எது, இனம் எது என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் ஜெர்மன் என்று எழுதச் சொல்லி மிரட்டல். ஜனங்கள் மூன்றுக்கும் லக்சம்பர்க் என்று எழுதத் தயாரானது முன்கூட்டியே தெரிந்ததும், ஜெர்மானிய அதிகாரி கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டான். கீழூரில் நடந்ததும் இதுவும் காகிதத்தில் எழுதிப் பெற்ற வெற்றிகள்.

இந்த எஷ் ஊரும் ஒரு காலத்தில் நம் முதலியார்பேட்டை மாதிரிதான், ஆலைச்சங்கு ஊதினால் ஊர் எழுந்த இடம். அங்கே பஞ்சு, இங்கே இரும்பு. சுரங்கம், ஊதுலை எல்லாம் 1997-க்குள் முடிந்துபோயின. (எஃகுக் கம்பெனி கைமாறிக் கைமாறி 2006-ல் லக்ஷ்மி மிட்டலிடம் வந்தது. தலைமை அலுவலகம் இன்னும் லக்சம்பர்க்கில்தான்.) பெல்வால் என்ற இடத்தில் பழைய உலைகளை இடிக்காமல் நிறுத்திவைத்து, சுற்றிலும் பல்கலைக்கழகம் கட்டியிருக்கிறார்கள். மாலையில் அந்தத் துருப்பிடித்த உலைக்குக் கீழே பையன்கள் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தாத்தா ரோடியர் மில் என்று சொல்லும் ஏ.எஃப்.டி. மில்லை 2020-ல் மூடிவிட்டார்கள். 1936-ல் ஜூலை 30-ஆம் தேதி எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய மில் தொழிலாளிகளில் 12 பேர் சுடப்பட்டுச் செத்த ஊர் நம்முடையது. அந்த மில் இடங்களை என்ன செய்யப்போகிறார்கள் என்று யாராவது நம்மைக் கேட்டார்களா?

கேட்க வேண்டுமென்றால் கேட்கும் இடம் வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2023-ல் கொம்யூனிலிருந்து ஒரு காகிதம் வந்தது. "தேர்தல் வருகிறது, வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள்" என்று. எனக்கா? என் கையில் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட். மாமாவுக்காவது பிரெஞ்சு நேஷனாலிட்டி. தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக் கேட்டால், இல்லை, கொம்யூன் தேர்தலில் இங்கே குடியிருக்கும் யாரும் ஓட்டுப் போடலாம் என்கிறார்கள். முன்பு ஐந்து வருஷம் இருந்திருக்க வேண்டுமாம், அதையும் 2022-ல் எடுத்துவிட்டார்கள். பதிந்தேன். பதிந்துவிட்டால் ஓட்டுப் போடுவது கட்டாயம். ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. எஷ் மன்றத்துக்கு 19 இடம், ஆளுக்கு 19 ஓட்டு. ஒரு கட்சிக்கே கொடுக்கலாம், பிடித்த ஆள்களுக்குப் பிரித்தும் கொடுக்கலாம். ஓட்டுச்சீட்டு வேட்டியளவுக்கு விரிந்தது. எனக்கு முன்னால் நின்றது போர்ச்சுக்கல் கொத்தனார் ஒருவர். இங்கே குடியிருப்பவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் வெளிநாட்டவர்கள், அதில் போர்ச்சுக்கீசியர்கள்தான் அதிகம். எல்லாம் தாராளம் என்று நினைத்துவிடாதே. பார்லிமென்ட் தேர்தலிலும் வெளிநாட்டவருக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று 2015-ல் கேட்டபோது, நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் கூடாது என்றார்கள். தெருவை நம்பி விடுவார்கள், நாட்டை விடமாட்டார்கள்.

என் முதல் கொம்யூன் ஓட்டை எஷ்ஷில் போட்டேன். பாகூரில் போட்டதே இல்லை, ஏனென்றால் போட வாய்ப்பே வரவில்லை. நம் ஊரில் 1968-ல் ஒரு உள்ளாட்சித் தேர்தல். அதற்கு அடுத்தது 2006-ல், கோர்ட் சொல்லி, 38 வருஷம் கழித்து. நீ அப்போது அம்மா இடுப்பை விட்டு இறங்காத பையன். நான் பள்ளிக்கூடப் பெண், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போனது மட்டும் நினைவிருக்கிறது. அதில் ஜெயித்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதிகூட அறிவித்தார்கள், இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 1993-லிருந்து இருக்கிறது. நீ எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டாய், அடுத்த வருஷம் எம்.எல்.ஏ. தேர்தலிலும் போடுவாய். தெருவிளக்குக்கும் வாய்க்காலுக்கும் பொறுப்பான ஆளைத் தேர்ந்தெடுக்க மட்டும் உனக்கு வழியில்லை. கொம்யூன் பஞ்சாயத்து இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, ஆணையர் இருக்கிறார், வரி வாங்குகிறார்கள். உறுப்பினர் நாற்காலிகள்தான் காலி. நம்மை இந்தியாவோடு சேர்த்த 170 பேரில் கொம்யூன் உறுப்பினர்கள் எத்தனையோ பேர். அந்தக் கொம்யூன்களில் இன்று ஒரு உறுப்பினர் கிடையாது.

மாநில அந்தஸ்து வேண்டும் என்று அங்கே ஏறக்குறைய எல்லாக் கட்சியும் கேட்கிறது. நியாயமான கோரிக்கைதான், நானும் கை தூக்குவேன். ஆனால் டெல்லியிடம் அதிகாரம் கேட்கிறவர்கள், பாகூருக்கும் வில்லியனூருக்கும் கொடுக்க வேண்டிய அதிகாரத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். லக்சம்பர்க் பணக்கார நாடு என்பதால் இங்கே கொம்யூன் தேர்தல் நடக்கிறது என்று நினைக்காதே. தேர்தல் நடத்த இரும்புச் சுரங்கமும் வேண்டாம், பாங்க்கும் வேண்டாம்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. கீழூருக்குப் போ, வில்லியனூரிலிருந்து வண்டியில் கொஞ்ச நேரம்தான். அங்கே ஓட்டெடுப்பின் நினைவிடம் இருக்கிறது, உன் சிநேகிதர்களையும் கூட்டிப் போ. பிறகு எல்லாரும் சேர்ந்து ஒரு மனு எழுதுங்கள், எங்கள் கொம்யூனுக்குத் தேர்தல் எப்போது என்று. வாயால் கேட்காதே, எழுத்தில் கொடு, கொடுத்ததற்கு ரசீது வாங்கு. தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். பதில் வந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

ஆயாவுக்கு வாங்கிய கம்பளிச் சால்வையைத் தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்புகிறேன். மழை பிடித்துக்கொண்டால் ஏரிக்கரைப் பக்கம் ராத்திரியில் பைக் ஓட்டாதே. அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

இங்கே அடுத்த கொம்யூன் தேர்தல் 2029 ஜூனில். அங்கே எப்போது என்று கேட்டு எழுது.

அன்புடன்,
அக்கா